முகாம் போதும் என்றவர்களுக்கு ஒரு முகாம் வண்டி

கைவேலைப் பக்கம்



சென்ற இதழில் சைக்கிளுக்குப் பின்பெட்டி பூட்டும் விதத்தை எழுதியிருந்தேன். அதை வாசித்த பலர், "காருக்குப் பின்னால் இழுத்துப்போய் இரவு படுக்கக்கூடியதாக ஒன்றைச் செய்ய ஏலாதோ?" என்று கேட்டிருந்தீர்கள். ஏலும். நானே ஒன்று செய்து இரண்டு கோடைகள் இழுத்தும் திரிந்துவிட்டேன். அதைப் பற்றித்தான் இம்முறை.

இதற்குப் பெயர் கண்ணீர்த்துளி வண்டி. பக்கத்தில் நின்று பார்த்தால் முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, ஒரு துளி போல இருக்கும். 1930களில் அமெரிக்காவில் சாதாரண மக்கள் தங்கள் வீட்டுக் கொட்டிலில் செய்யத் தொடங்கிய வண்டி இது. 1947 இல் 'மெக்கானிக்ஸ் இலஸ்ரேட்டட்' என்ற சஞ்சிகை இதன் வரைபடத்தை வெளியிட்டது. ஒட்டுப்பலகை அங்கே 4 அடிக்கு 8 அடி அளவில் விற்கப்படும். அந்த ஒரு பலகையிலேயே ஒரு பக்கச் சுவரை வெட்டி எடுக்கலாம் என்பதால் வண்டியின் அளவும் அதுவேயாயிற்று. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க ஏலாது. பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. அவ்வளவுதான்.

நான் இதைச் செய்யத் தொடங்கியபோது எங்கள் கட்டடத்தில் இருக்கும் அண்ணை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, முகாமிலை கிடந்தது காணாதே? இனிக் காசு குடுத்தும் முகாமிலை படுக்கப் போறியே?"

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. 2009 இல் வவுனியாவில் தறப்பாளின் கீழ் கிடந்தவன் நான். அவர் அதற்கு முதலே வந்து இங்குள்ள அகதி விடுதிகளில் ஆண்டுக்கணக்காக இருந்தவர். அகதி விண்ணப்பக்காரர் குறித்த எல்லையைத் தாண்டுவதென்றால் கடதாசி எடுக்கவேண்டிய நாடு இது. 2015 இல்தான் அந்தக் கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது. எங்களுக்கு முகாம் என்ற சொல் இனிக்காது.

ஆனால் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் கசப்பு இல்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் ரீச்சர் "எங்கே போனீர்கள்?" என்று எல்லாரையும் கேட்பா. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் "வீட்டில் நின்றோம்" என்று சொல்கிறார்கள்? ஊருக்கும் அனுப்பி, வாடகையும் கட்டி, நாலு பேருக்கு ஹோட்டல் எடுக்க எங்கள் சம்பளம் இடங்கொடாது. பழைய ரெயிலரோடு சேர்த்து எனக்கு முடிந்தது 2,100 யூரோ. ஒரே தடவையில் அல்ல, எட்டு மாதத்தில்.

இனி வேலைக்கு வருவோம். ஜேர்மனியில் அடிச்சட்டத்தை நீங்களே ஒட்டி எடுத்தால் ரியூவ் அனுமதி பெறுவது பெரும்பாடு. எனவே பதிவுள்ள, 750 கிலோ மொத்த நிறைக்கு அனுமதி பெற்ற பழைய ரெயிலர் ஒன்றை வாங்குங்கள். அதற்குத் தனிப் பிறேக் வேண்டியதில்லை. சாதாரண 'பி' வகுப்புச் சாரதிப் பத்திரமே போதும். அதன்மேல் அறையைக் கழற்றி எடுக்கக்கூடிய சுமையாகப் பூட்டுவதே பலர் செய்யும் வழி. பலகை வாங்குமுன் வரைபடத்தை ரியூவ் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். பின் விளக்குகளும் இலக்கத் தகடும் மறையக்கூடாது.

இங்கே ஒட்டுப்பலகை பெரும்பாலும் 250 சென்ரிமீற்றருக்கு 125. அந்த அளவுத் தளமுள்ள ரெயிலர் கிடைத்தால் கழிவு குறையும். படுக்கைக்கு 2 மீற்றர், சமையலுக்கு அரை மீற்றர். மரத்தைத் தெரியும்போது நிறையைப் பாருங்கள். 12 மில்லிமீற்றர் பேர்ச் பலகை ஒன்று 25 கிலோவரை வரும். பொப்லர் என்றால் அதே அளவு 16 கிலோ மட்டில்தான். ஆனால் பொப்லர் ஈரத்தைத் தாங்காது. வெட்டிய விளிம்பு எல்லாவற்றுக்கும் இரண்டு முறையாவது எப்பொக்சி பூசவேண்டும்.

வளைவு கீறக் கணக்குத் தேவையில்லை. பலகையில் ஆணிகள் அடித்து, மெல்லிய மரச்சலாகையை அவற்றோடு வளைத்துப் பிடித்துக் கோடு கீறுங்கள். இரண்டு சுவர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒரேயடியாக வெட்டினால் இரண்டும் ஒன்றுபோல வரும். சுவர்களுக்கிடையே 25 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம். அதன்மேல் 3 மில்லிமீற்றர் பலகை. முன் வளைவில் அது முரண்டு பிடித்தால் சுடுநீர்த் துணியால் நனைத்துவிட்டு மெல்ல மெல்ல வளைக்கலாம். மழை உள்ளே வரப் பார்க்கும் முதல் இடம் பின்கதவுப் பிணைச்சல். அதன் நீளத்துக்கும் மேலே ஒரு றப்பர் பட்டியை மூடி ஒட்டுங்கள்.

அடுத்ததை ஆறுதலாக வாசியுங்கள். வண்டி வடிவாக இருக்கிறதா என்பதைவிட, நிறை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சமையற்பெட்டி, தண்ணீர்க் கான், காஸ் எல்லாம் பின்னால் இருப்பதால் இந்த வண்டி இயல்பாகவே பின்பாரம் கொண்டது. பின்பாரம் கூடினால் கொழுக்கி மேலே இழுபடும், வேகத்தில் வண்டி பாம்புபோல ஆடும், காரையும் ஆட்டும். அந்தக் காரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே பற்றரி, கருவிகள் போன்ற பாரமானவற்றை அச்சுக்கு முன்னே வையுங்கள்.

கொழுக்கியில் இறங்கும் பாரத்தை அளக்கக் குளியலறைத் தராசு போதும். சமதரையில், காரில் பூட்டும் அதே உயரத்தில் இருக்கும்படி ஒரு மரக்கட்டையைத் தராசின்மேல் நிறுத்தி அதில் கொழுக்கியை வையுங்கள். ரெயிலரின் உண்மையான நிறையில் 4 வீதமாவது இருக்கவேண்டும் என்பது சட்டம். 25 கிலோவுக்கு மேல் அது கட்டாயப்படுத்தாது. உச்ச அளவு காரிலும் ரெயிலரிலும் எழுதியிருக்கும். இரண்டில் குறைந்ததை எடுத்து, அதைத் தாண்டாமல் கிட்டவாக வையுங்கள். சாமான் எல்லாம் ஏற்றிய பின்னரே அளக்கவேண்டும். நெடுஞ்சாலையில் 80 தான் வேகம். ஓடும்போது வண்டிக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது, நித்திரைப் பிள்ளையும்கூட.

இன்னொன்று. குளிர் என்று உள்ளே அடுப்பு மூட்டவே வேண்டாம். காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். மூச்சு ஈரம் போகவும் காற்று வரவும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக மூட முடியாத துவாரங்கள் விடுங்கள்.

நாலு பேருக்கு இடம் காணாதே என்பீர்கள். உண்மை. நானும் மனைவியும் சின்னவளும் உள்ளே, மூத்தவனும் அவன் மச்சானும் பக்கத்தில் கூடாரத்தில். கண்ட இடத்தில் நிறுத்தாமல் கேம்பிங் இடங்களுக்கே போங்கள். போன ஆடியில் ஒரு வாவிக்கரையில் நின்றோம். இரவு மழை கூரையில் விழுந்த சத்தத்துக்கு நான் எழும்பிவிட்டேன். தறப்பாளில் விழும் மழையை அறிந்தவருக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். பலகையைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. காலையில் மூத்தவன் கேட்டது, "அப்பா, இன்னும் ஒரு நாள் நிற்பமோ?" நின்றோம். ஒருவரிடமும் கடதாசி கேட்கவில்லை.

அந்த அண்ணை இப்போது தனக்கும் ஒன்று கீறித் தரச் சொல்கிறார். அடுத்த இதழில் பின்கதவுச் சமையல் மேடையின் அளவுகளைத் தருகிறேன்.