கடவுச்சொல்லைக் கேட்பது யார்?

காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்தாறுமூலைக் கெம்பஸுக்குப் புறப்படும் பிள்ளைக்கு வாப்பாவும் உம்மாவும் எத்தனையோ புத்திமதி சொல்லி அனுப்புகிறார்கள். அவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய காலம் இது.

1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. எந்தக் கெம்பஸானாலும் பாடக்குறிப்பு, ஒப்படை, பெறுபேறு எல்லாம் இன்று கைத்தொலைபேசிக்கே வருகின்றன. அதற்கு வைஃபை வேண்டும். வைஃபைக்குக் கொடுக்கும் கடவுச்சொல்லே பல இடங்களில் மின்னஞ்சலையும் திறக்கும். ஆகவே அது களவு போனால் போவது இணைய வசதி மட்டுமல்ல; பிள்ளையின் கடிதங்களும் ஒப்படைகளும்கூட அடுத்தவர் கைக்குப் போகலாம்.

எடுரோம் என்றொரு ஏற்பாடு உண்டு. 2002 இல் நெதர்லாந்தில் பிறந்த யோசனை இது. நம் நாட்டில் இதை நடத்துவது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்கை வைத்துக்கொண்டு, இதில் சேர்ந்துள்ள வேறொரு பல்கலைக்கழகத்திலும் இணையலாம். முறையாகச் செய்தால், கடவுச்சொல் பூட்டிய உறைக்குள் வைத்த கடிதம்போலச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே போகும்; இடையில் இருப்பவர் படிக்க முடியாது.

அப்படியானால் ஆபத்து எங்கே? பெயரில்தான். ஒரு சிறு கருவிக்கு "எடுரோம்" என்று யாரும் பெயர் வைக்கலாம். கைத்தொலைபேசி அதை உண்மையென்று நம்பிப் பேசத் தொடங்கிவிடும். இதைத் தடுப்பது சேர்வரின் சான்றிதழ். அதாவது, அந்தப் பக்கத்தில் உள்ள கணினியின் அடையாள அட்டை. சில பழைய கைத்தொலைபேசிகளில் "சரிபார்க்க வேண்டாம்" என்றொரு தெரிவு உண்டு. அவசரத்துக்கு அதை அழுத்தினால், அடையாள அட்டையைப் பார்க்காமலே வீட்டுச் சாவியை நீட்டியது போலாகும். பரவலாகப் பயன்படும் எம்எஸ்-சாப் என்ற கடவுச்சொல் முறையை ஒரே நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012 இல் நிபுணர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். சான்றிதழ் சோதனை இல்லாவிட்டால் அந்த முறைக்கு வேறு காவல் இல்லை.

இதைவிடச் சிறந்த வழி ஈஏபி-டிஎல்எஸ். இதில் கடவுச்சொல்லே பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. கருவி தொலைந்தால் அதன் சான்றிதழை மட்டும் இரத்துச் செய்தால் போதும், மற்றவற்றுக்குப் பாதிப்பில்லை. ஆயிரக்கணக்கான மாணவருக்குச் சான்றிதழ் வழங்குவது நிர்வாகத்துக்குச் சற்றுச் சிரமமான வேலைதான். ஆனால் ஒரு முறை படும் சிரமம், பல வருடப் பாதுகாப்பு அல்லவா?

முறையைத் தெரிவு செய்வது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஆனால் பிள்ளைகள் கையிலும் சில காரியங்கள் இருக்கின்றன. தோழி காட்டித் தந்தபடி அமைக்காமல், தகவல் தொழினுட்பப் பிரிவிடம் கேட்டு, கெட்எடுரோம் என்ற செயலி அங்கு பொருந்துமானால் அதனாலேயே அமைத்துக்கொள்ளுங்கள். சரியான சான்றிதழ் விவரத்தை அது தானே பதிந்துவிடும். சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் "சரி" என்று அழுத்தாமல் நிறுத்துங்கள். வைஃபைக் கடவுச்சொல்லை வங்கிக்கோ முகநூலுக்கோ வைக்காதீர்கள்.

பெற்றோரே, "கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதே" என்று பிள்ளைக்குச் சொல்லியிருப்பீர்கள். "கேட்பது யார் என்று பார்க்காமல் கொடுக்காதே" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.