'பழைய ஃபார்முக்குத் திரும்பிட்டாங்க' என்னும் ஜல்லி

ஹெவி மெட்டல் உலகத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. பழைய பெரிய பேண்டு ஏதாவது புது ஆல்பம் போட்டால் அது தவறாமல் வெளியே வரும். "பழைய ஃபார்முக்குத் திரும்பிட்டாங்கப்பா!" ஆல்பம் வந்த அன்று காலையிலேயே வரும். சில சமயம் ஆல்பமே வராமல், முன்னோட்டமாக விட்ட ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டே வந்துவிடும். சொல்கிறவர் வெளிநாட்டுப் பத்திரிகை விமர்சகராக இருக்கலாம், ஹாஸ்டலில் கறுப்பு டி-ஷர்ட்டோடு திரியும் ரசிகக் கண்மணியாக இருக்கலாம். வாக்கியம் மட்டும் மாறாது. தலைவர் படம் முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவனிடம் டிவிக்காரர் மைக்கை நீட்டினால் என்ன வருமோ அதேதான். படம் மாஸ், செகண்ட் ஹாஃப் மட்டும் கொஞ்சம் லேக்.

இதற்குப் பெயர் விமர்சனம் இல்லை, வாழ்த்துத் தந்தி. கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு சுப்புடு இருந்தார். 2007-ல் மறையும் வரை எத்தனை பெரிய வித்வான் என்றாலும் சரி, சுருதி விலகினால் பேப்பரில் கிழித்துத் தொங்கவிடுவார் என்ற பயம் மேடையில் இருந்தது. அவர் எழுதியதில் பாதி அநியாயம் என்று சொல்கிறவர்கள் உண்டு, இருக்கட்டும். கச்சேரியில் காது திறந்திருந்தது. த்ராஷ் மெட்டலில் அந்த பயம் யாருக்கும் இல்லை. 40 வருடத்துக்கு முன்னால் நாலு நல்ல ஆல்பம் போட்டவர்கள் இன்றைக்கு என்ன போட்டாலும் நாலரை ஸ்டார்.

சும்மா பொத்தாம் பொதுவாகத் திட்டினால் அதுவும் ஜல்லிதான். ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். மெட்டாலிகா, 'டெத் மேக்னடிக்', செப்டம்பர் 2008.

முன்கதை தெரிந்ததுதான். 2003-ல் வந்த 'செயின்ட் ஆங்கர்' கேட்டவர்கள் நொந்துபோயிருந்தார்கள். 75 நிமிட ஆல்பத்தில் ஒரு கிடார் சோலோ கிடையாது. லார்ஸ் உல்ரிக்கின் ஸ்நேர் டிரம்மோ எண்ணெய் டின்னைக் கரண்டியால் தட்டுவது போல இருந்தது. ஆக, அடுத்த ஆல்பத்துக்கு ரிக் ரூபின் தயாரிப்பாளராக வருகிறார், 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' காலத்து மனநிலையை நினைவுபடுத்திக்கொண்டு எழுதச் சொல்லியிருக்கிறார் என்று செய்தி வந்ததும் உலகமே பாயசத்துக்குக் காத்திருந்தது. பாயசம் வந்தது. சோலோ இருக்கிறது, ஏழெட்டு நிமிடப் பாட்டுகள் இருக்கின்றன, வேகம் இருக்கிறது. உடனே அந்த வாக்கியமும் வந்தது. பெரும்பாலான விமர்சனங்கள் கைதட்டின.

ஆனால் சிடியில் என்ன இருந்தது? கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச மென்பொருளில் அந்தப் பாட்டுகளைத் திறந்து பார்த்தால் தெரியும். சாதாரணமாக ஒரு பாட்டின் அலை வடிவம் மலை, பள்ளம், ஊசி முனை என்று ஏறி இறங்கும். 'டெத் மேக்னடிக்' சிடியில் பெரும்பகுதி ஒரே செங்கல். சிடிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் சத்தத்தை ஏற்ற முடியாது. ஏற்ற முடியாததை எப்படி ஏற்றுவது? மெதுவான சத்தங்களையும் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது, உச்சத்தைத் தாண்டும் முனைகளை வெட்டித் தள்ளுவது. வெட்டுப்பட்ட முனைதான் காதில் கரகரப்பாகக் கேட்கும். கிடாரிஸ்ட் வேண்டுமென்றே வைத்த டிஸ்டார்ஷன் வேறு, இது வேறு. டிரம் அடியின் முதல் நொடித்துளியில் இருக்கும் அந்த 'டப்' என்ற அறைதான் இதில் முதலில் சாகும். சத்தத்துக்கும் மெதுவுக்கும் உள்ள இடைவெளியை டிஆர் என்று ஓர் எண்ணால் அளக்கிறார்கள். 80களின் அசல் மெட்டல் சிடிகள் பல இரட்டை இலக்கத்தில் இருக்கும். இந்த ஆல்பம் 3.

இது ஏதோ ஆடியோ பைத்தியங்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு வீடியோ கேம். அதே ஆல்பம் 'கிடார் ஹீரோ' விளையாட்டுக்கும் வெளியானது. விளையாட்டுக்குக் கொடுத்த டிராக்குகள் இந்தக் கடைசிக்கட்ட இடிபாட்டில் சிக்கவில்லை. பசங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். விளையாட்டில் வந்தது சிடியை விட நன்றாக இருந்தது! காசு கொடுத்து வாங்கிய சிடியை விட ஒரு பிளாஸ்டிக் கிடார் விளையாட்டில் மெட்டாலிகா நன்றாகக் கேட்கிறது. ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யக் கோரி இணையத்தில் ஒரு மனு, கையெழுத்து 10,000-ஐத் தாண்டியது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே ஒரு ரசிகருக்கு எழுதிய பதிலில், தன்னிடம் வரும்போதே சத்தம் அப்படி நசுக்கப்பட்டுத்தான் வந்தது என்று கைகழுவினார். லார்ஸ் உல்ரிக் அந்த சவுண்டை ஆதரித்தே பேசினார்.

கவனிக்க வேண்டியது ஒன்று. கண்டுபிடித்தது முதலில் விளையாடிய பசங்கள். ஸ்டார் போட்ட விமர்சகர்களில் பெரும்பாலோர் அதற்குள் அடுத்த ஆல்பத்துக்குப் போய்விட்டார்கள்.

"மெட்டல்னாலே சத்தம்தானே, இதுல என்ன குறை?" என்று கேட்கும் அண்ணாச்சிகளுக்கு: இல்லை. மெட்டல் கனம். கனமும் சத்தமும் ஒன்றல்ல. 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'பேட்டரி' எப்படித் தொடங்குகிறது? மெல்லிய அக்கூஸ்டிக் கிடாரில். கோயில் பிரகாரத்தில் தனியாக நடப்பது போல. அதன் பிறகு மொத்த பேண்டும் உள்ளே விழும்போது நெஞ்சில் இடிக்கிறது. 1984-லேயே 'ஃபைட் ஃபயர் வித் ஃபயர்' பாட்டில் இந்த வித்தையைக் காட்டியவர்கள் இவர்கள். மெதுவையும் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் எங்கே இடிக்கும்? தவில்காரர் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கெட்டிமேளமே வாசித்துக்கொண்டிருந்தால் தாலி எப்போது கட்டினார்கள் என்றே யாருக்கும் தெரியாது :-)

'தி டே தட் நெவர் கம்ஸ்' பாட்டு இதே இலக்கணத்தில் எழுதப்பட்டது. மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, கடைசியில் வெறிபிடித்து ஓடுகிறது. எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சிடியில் ஓட்டம் வரும் இடத்தில் ஏறுவதற்கு இடமே இல்லை. 'ஆல் நைட்மேர் லாங்' ரிஃப் இந்த பேண்டின் எந்தக் காலத்து ரிஃப்போடும் நிற்கக்கூடியது, அதையும் அதே செங்கல்லுக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் அங்கேதான். மொக்கை ஆல்பத்தைக் கெடுத்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

அடுத்த சங்கதி நீளம். இந்த ஒப்பீட்டை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 1986-ல் ஸ்லேயரின் 'ரெய்ன் இன் பிளட்'. தயாரிப்பாளர் ரிக் ரூபின். பத்துப் பாட்டு. மொத்தம் 29 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேசட்டில் இரண்டு பக்கமும் முழு ஆல்பத்தையே பதிந்து விற்றார்கள், அவ்வளவு சின்னது. அதற்கு முந்தைய ஸ்லேயர் ஆல்பத்தில் இருந்த எதிரொலி மூட்டத்தை விலக்கிவிட்டு, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும்படி செய்ததுதான் ரூபினின் பெரிய காரியம். 22 வருடம் கழித்து 'டெத் மேக்னடிக்'. அதே ரிக் ரூபின். அதே பத்துப் பாட்டு. கிட்டத்தட்ட 75 நிமிடம். ஒரு காலத்தில் தெளிவைக் கொண்டுவந்த மனிதரின் பெயர் மூட்டத்தின் மேல் ஒட்டியிருக்கிறது.

நீளமே குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 80களில் ஒரு எல்பி ரெக்கார்டில் பக்கத்துக்கு 20, 25 நிமிடம்தான் ஒழுங்காகக் கொள்ளும். எதை வெட்டுவது என்று சண்டை போட்டே ஆக வேண்டும். 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' 55 நிமிடத்துக்குள் நிற்கிறது. சிடி வந்ததும் 70 நிமிடத்தைத் தாண்டியும் இடம் கிடைத்தது, இடம் கிடைத்தால் நிரப்புவது மனித சுபாவம். ஹாஸ்டல் அலமாரியைத் திறந்து பார்த்தாலே தெரியும். 2023 ஏப்ரலில் வந்த '72 சீசன்ஸ்' 12 பாட்டு, 77 நிமிடம். அதன் முன்னோட்டமாக 2022 நவம்பரில் விட்ட 'லக்ஸ் இட்டர்னா' மூன்றரை நிமிடம் கூட இல்லை. துள்ளலாக, முதல் ஆல்பத்து ஞாபகம் வருகிற மாதிரி. உடனே அந்த வாக்கியம் கிளம்பிவிட்டது. முழு ஆல்பம் வந்தபோது அந்தத் துள்ளலுக்குச் சம்பந்தமே இல்லாத நடுவேகப் பாட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பல பாட்டுகளில் நாலாவது நிமிடத்தில் சொல்ல வந்தது முடிந்துவிடுகிறது, பாட்டு முடிவதில்லை. கடைசியில் வரும் 'இனமொராட்டா' 11 நிமிடம், மெட்டாலிகா பாட்டுகளிலேயே நீளமானது. ஆச்சரியம், அது நிற்கிறது. நடுவில் பேஸ் கிடாரை மட்டும் விட்டு மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். மூச்சு விடுகிறது. மீதி ஆல்பம் அந்த மூச்சுக்காக ஏங்குகிறது.

"அறுபதை நெருங்குகிற வயசுல இவ்வளவு பண்றதே பெருசு" என்று ஒரு வாதம். தாத்தா மாடிப்படி ஏறியதற்குக் கைதட்டுவது மாதிரி. அதை விட அவமானம் ஒரு கலைஞனுக்கு வேண்டுமா?

பி.காம் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இது குட்வில் கணக்கு. பழைய நாலு ஆல்பம் சம்பாதித்துக் கொடுத்த நற்பெயர். அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 26 என்ன சொல்கிறது? ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட குட்வில்லைச் சொத்தாக ஐந்தொகையில் காட்டக்கூடாது. ரசிகர்கள் காட்டுகிறார்கள். வருடா வருடம், தேய்மானம் ஒரு ரூபாய் கூடக் கழிக்காமல், 1986-ன் மதிப்பிலேயே புது ஆல்பத்தின் பக்கத்தில் எழுதிக் கூட்டிவிடுகிறார்கள். ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்தப் பழைய ஆல்பங்களும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை இல்லை. 1988-ன் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கிடார் எங்கே? பஸ் விபத்தில் கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட் முழு ஆல்பமும் வாசித்தார். மிக்ஸில் அவர் காணாமல் போனார். லார்ஸ்தான் பேஸைக் குறைக்கச் சொன்னார் என்று மிக்ஸ் செய்த ஸ்டீவ் தாம்சனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2018-ல் ரீமாஸ்டர் வந்தபோதும் பேஸைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஆனால் அந்த ஆல்பத்தைக் கொண்டாடுகிற அதே ரசிகர்கள்தான் இந்தக் குறையை 30 வருடத்துக்கு மேலாக விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தாங்களே பேஸைச் சேர்த்து இணையத்தில் பதிப்பு கூட விட்டார்கள். பாட்டை நேசித்துக்கொண்டே சவுண்டைத் திட்டலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பழசுக்குக் காட்டும் அந்தக் காது புதுசுக்கு மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?

கேட்பது எப்படி என்று யாராவது கேட்டால், பெரிய வித்தை எதுவும் இல்லை. புது ஆல்பத்தைப் பழைய ஆல்பத்தோடு ஒப்பிடும்போது இரண்டின் வால்யூமையும் காதுக்குச் சமமாக வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் ஒரு துளி கூடினாலே காது "இது நல்லா இருக்கு" என்று ஏமாந்துவிடும். கம்பெனிகள் இத்தனை வருடம் விற்றது அந்த ஏமாற்றத்தைத்தான். இன்றைக்கு ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒலிபரப்புவதால் நசுக்கிய ஆல்பத்துக்கு எந்த லாபமும் இல்லை. வெறும் தட்டையாகத்தான் கேட்கும். ஆனாலும் நசுக்குகிறார்கள், பழக்கதோஷம். அப்புறம், ஒரு தடவை ஸ்நேரை மட்டும் பின்தொடர்ந்து கேட்கலாம், ஒரு தடவை பேஸை மட்டும். ராத்திரி கேட்டுவிட்டுக் காலையில் பல் தேய்க்கும்போது எத்தனை ரிஃப் வாயில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். 12 பாட்டில் இரண்டு வந்தால் மீதி பத்து எதற்கு?

இத்தனையும் செய்து பார்த்தால் ஸ்டார் வேறு இடங்களில் போய் விழும். டல்லாஸ் பசங்கள் பவர் ட்ரிப், 2017-ல் 'நைட்மேர் லாஜிக்'. எட்டுப் பாட்டு, அரைமணியை ஒட்டி முடிகிறது, ஒரு நொடி வெட்ட முடியாது. பாடகர் ரைலி கேல் 2020-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவர் உயிரோடு இருந்தபோது அந்த ஆல்பத்துக்குக் கிடைத்த இடத்தையும், பெரிய பேண்டுகளின் அரைகுறை ஆல்பங்களுக்கு அட்டைப்படத்தோடு ஒதுக்கிய இடத்தையும் பத்திரிகைகளே அளந்து பார்க்கட்டும். பழைய ஆட்களில்தான் வேண்டும் என்றால் கனடாவின் வோய்வாட் இருக்கிறார்கள். அவர்களின் தனி சவுண்டைக் கட்டிய கிடாரிஸ்ட் பிக்கி 2005-ல் இறந்துபோனார். கடையைச் சாத்தியிருக்கலாம், இல்லை 1987-ஐத் திரும்பத் திரும்ப வாசித்துக் காலத்தை ஓட்டியிருக்கலாம். புது கிடாரிஸ்டோடு 2018-ல் 'தி வேக்' போட்டார்கள், கோணல் மாணலாக, யார் ஃபார்முக்கும் திரும்பாமல். 2019-ல் கனடாவின் ஜூனோ விருது அதற்குத்தான் போனது.