பில்லை யார் கொடுப்பது?

ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் உடனே மால் ரெஸ்டாரெண்டுக்கு இழுத்துக்கொண்டு போகும் பெங்களூர்த் தமிழ் மக்களே, கொஞ்சம் நில்லுங்க. நீங்க செய்வது உபசாரம் இல்லை, விளம்பரம்!

நானும் அந்தக் கேஸ்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பா பால்கோவாவோடு வந்திருந்தார். மெனு கார்டில் விலையை மட்டும் படித்துவிட்டு, "வயிறு சரியில்லப்பா, தயிர்சாதம் போதும்" என்றார். நான் கார்டைத் தேய்த்துவிட்டுப் பெருமையாகக் கிளம்பினேன். அப்புறம் இரண்டு தடவை பெங்களூர் வந்தவர் எனக்குப் போனே பண்ணவில்லை.

போன மாதம் வற்புறுத்திக் கூப்பிட்டேன். இந்த முறை ஜெயநகரில் ஒரு தர்ஷினி. 1983-ல் இதே ஜெயநகரில் 'கஃபே தர்ஷினி' ஆரம்பித்துவைத்த பாணிதான்: முதலில் காசு, அப்புறம் நின்றபடி சாப்பாடு. நான் பர்ஸைத் தேடுவதற்குள் சித்தப்பா கவுண்டரில் நின்றார். "நீ சும்மா இருடா!" இரண்டு மசால் தோசை, இரண்டு காபி. அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். மகள் கல்யாணம், அதற்காக விற்ற வயல், எல்லாம்.

"நிற்க வைப்பது மரியாதையா?" என்பீங்க. கால் வலித்தால் காந்தி பஜாரில் 1943-லிருந்து வித்யார்த்தி பவன் இருக்கே, உட்கார்ந்து சாப்பிடலாம். இடம் எதுவானாலும், அவர் கையும் சட்டைப்பைக்குள் போகிற மாதிரி இருக்கணும்.

பி.காம். படித்தவன் சொல்கிறேன்: ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது. உறவும்தான்.