கோடு யார் போட்டது?

ஓவியத்துக்கு அடிப்படைக் கூறுகள் ஏழு என்கிறார்கள். கோடு, வடிவம், உருவம், ஒளிநிழல், வண்ணம், மேற்பரப்பு, வெளி. புள்ளியையும் சேர்த்து எட்டு என்பாரும் உண்டு. ஓவியம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வருஷமே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். எனக்கு அந்தப் பட்டியலோடு சண்டை இல்லை. இந்தக் கூறுகளுக்குச் சாதி கிடையாது, ஊர் கிடையாது, கண்ணுக்கு மட்டுமே உரிய சுத்தமான சமாச்சாரம் என்று கூடவே ஒரு பொய்யையும் ஊட்டுகிறார்களே, அதோடுதான் சண்டை.

ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் பாடம் நடத்தியவர் பால் கிளே. 1925இல் வெளிவந்த அவருடைய பாடப்புத்தகத்தில் கோடு என்பது உலாவக் கிளம்பிய ஒரு புள்ளி. எந்தக் காரியமும் இல்லாமல் காலார நடக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. 1933இல் நாஜிகள் அவரை ஆசிரியர் வேலையிலிருந்து துரத்தினார்கள். 1937இல் ‘சீரழிந்த கலை’ என்று சொல்லி அவர் படங்களை அவமானக் காட்சிக்கு வைத்தார்கள். கோட்டுக்கும் இனம் பார்ப்பான் ஆதிக்கக்காரன் என்பதை அந்த மனுஷன் பட்டே தெரிந்துகொண்டார். ஆனால் அந்த உலாவும் கோட்டை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து எங்க பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்களைத்தான் கேட்கிறேன்: வலங்கைமான் பக்கத்தில் எங்க தாத்தன் காலார உலாவ எந்தத் தெருவய்யா இருந்தது? அக்ரகாரத்துக்குள் போக முடியாது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகணும். மிச்சம் இருந்தது வரப்பு.

அந்த வரப்பும் கோடுதான். குடமுருட்டிக் கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் கோடு கோடாக வயல் பிரிந்து கிடக்கும். பார்த்துவிட்டு ‘காவிரி தந்த அழகு’ என்று எழுதுவார்கள். காவிரி தண்ணீர் தந்தது, ஒத்துக்கொள்கிறேன். கோட்டை வெட்டினது யார்? அண்டை வெட்டி, சேறு அள்ளி வரப்பு அணைத்த கை யாருடையது? எங்க அம்மாவும் நடவுக்கார அக்காமாரும் குனிந்த முதுகு நிமிராமல், சேற்றில் பின்னாலேயே நகர்ந்து, கண்ணளவிலேயே இடைவெளி விட்டு நாற்று ஊன்றுவார்கள். வடிவம், வெளி, ஒத்திசைவு எல்லாம் அங்கே இருந்தது. அதற்கு வைத்த பேர் கூலிவேலை.

பெரிய கோயில் கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். தமிழனின் வண்ணமும் கோடும் உலகத்துக்கே தெரிந்தன என்று இன்றைக்கும் பூரிக்கிறோம். நல்லது. அந்தக் கோயிலுக்குள் எங்களை விட்டது 1939இல்தான். நடுவில் உள்ள எட்டு வருஷம் கலை வரலாற்றுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

இனி பாடைக்கு வருகிறேன். வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனியில் நடக்கும் பாடைக் காவடி வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். சாகக் கிடந்து பிழைத்தவர்கள் வேண்டிக்கொண்டு ஆற்றில் குளித்துவிட்டுப் பாடையில் பிணம்போலப் படுப்பார்கள். சொந்தக்காரர்கள் தூக்க, முன்னால் தீச்சட்டி போக, கோயிலைச் சுற்றி வரும். படம் எடுக்க கேமராக்காரர்கள் அலைமோதுவார்கள்.

நிஜச் சாவுக்குப் பாடை கட்டியவர் எங்க பெரியப்பா. வெட்டியான் வேலையோடு அதையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். இரண்டு பச்சை மூங்கில், குறுக்கே பட்டியல், மேலே கீற்று, வைக்கோல் பிரிக் கட்டு. நீளத்தை அளக்கவே மாட்டார். கிடக்கிற ஆளை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். வளைத்த மூங்கில் பிளாச்சு எந்த இடத்தில் முறியும் என்று கைக்குத் தெரியும். பச்சைக் கீற்றின் வழவழப்பும் பிரியின் சொரசொரப்பும் எங்கே சேரணும், எங்கே விலகணும் என்று தெரியும். தங்கரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். பெரியப்பா செய்தது ஒரு மணி நேரத்தில் சுடுகாட்டில் பிய்த்தெறியப்பட்டது. கையில் கிடைத்தது சில்லறையும் வாய்க்கரிசியும்.

வெளி என்றால் என்ன என்று கேட்கிற மாணவனுக்கு நான் திருநாள்கொண்டசேரியைச் சொல்லுவேன். மயிலாடுதுறைப் பக்கம். 2016 ஜனவரியில் அங்கே ஒரு தலித் பெரியவர் இறந்துபோனார். பொதுப்பாதை வழியாக உடலைக் கொண்டுபோகலாம் என்று சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. கடைசியில் காவல்துறையே உடலைத் தூக்கி வேறு வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. வேண்டுதல் பாடைக்குக் கோயில் வீதி திறக்கிறது, நிஜப் பாடைக்குத் தெரு மூடுகிறது. இந்த வெளிக்கு எந்த ஊடு நோக்கு விதி பொருந்தும்?

வண்ணம் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறான்கள். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஓவிய ஆசிரியர் வட்டம் போட்டுக் காட்டுவதற்கு முன்னாலேயே பிள்ளைக்கு நிறம் தெரிந்துவிடுகிறது.

இப்போது புதுசாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பறையும் பாடையும் மகத்தான நாட்டுப்புறக் கலையாம், நாங்கள் விட்டுவிடக் கூடாதாம். பெரியப்பா மகன் விட்டுவிட்டான். திருப்பூருக்குப் போய்விட்டான். சரியாகத்தான் செய்தான். அந்த வேலையில் கலை இருந்தது என்று நான் சொல்வதும், அந்த வேலையை எவனும் எங்க மேல் சுமத்தக் கூடாது என்று சொல்வதும் ஒரே பேச்சுதான். காப்பாற்றணும் என்று துடிக்கிறவர்கள் அவரவர் தெருவில் பிள்ளைகளுக்கு மூங்கில் பிளக்கக் கற்றுக்கொடுக்கட்டுமே, யார் தடுத்தது?

கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. வலங்கைமானுக்குப் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அங்கே படிக்கிற எங்க பிள்ளைகளுக்குச் சொல்றேன். கோடு பற்றிப் பரீட்சையில் கேட்டால் வரப்பை எழுதுங்க. மேற்பரப்புக்குப் பிரியை எழுதுங்க. வெளிக்குத் திருநாள்கொண்டசேரித் தெருவை வரைந்து, உடல் போன வழியையும் போகவிடாத வழியையும் இரண்டு நிறத்தில் காட்டுங்க. மார்க் குறைத்தால், எதற்குக் குறைத்தீர்கள் என்று எழுதிக் கேளுங்க.