தேராது தெளிதல்

மாணிக்கவாசகரால் பாடப்பெற்ற உத்தரகோசமங்கை எனது ஊர். சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் யான் அங்குச் சென்றிருந்தபோது, ஓரிரவு அண்டை வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சியின்முன் பலர் கூடியிருக்கக் கண்டு யானும் போய் அமர்ந்தேன். தனுஷ்கோடியில் ஆவிகள் உலவுகின்றனவா என்று 'விஞ்ஞான முறைப்படி ஆராயும்' நிகழ்ச்சியொன்று நடந்துகொண்டிருந்தது. கருஞ்சட்டை அணிந்த இளைஞர் நால்வர் கையிற் சிறு கருவிகளை ஏந்தி, இடிந்த மாதாகோயிற் சுவர்களினிடையே பதுங்கிப் பதுங்கி நடந்தனர். கருவியொன்றிற் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே இசை முழங்கிற்று. "இங்கே யாரோ இருக்கிறார்கள்" என்றார் ஒருவர். குழந்தைகள் அஞ்சித் தாயர் மடியிற் புகுந்தனர்.

அக்கூட்டத்தில் முதியவர் ஒருவர் இருந்தார். 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அவர் ஏழு வயதுச் சிறுவர். தம் தமையனை அவ்விரவில் இழந்தவர். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே சென்றார். யான் பின்சென்று, "ஏன் தாத்தா, எழுந்து வந்துவிட்டீர்கள்?" என்றேன். "தம்பி, என் அண்ணன் கரையேறவே இல்லை. அவனைப் பேயாக்கி இவர்கள் ஊராரை அச்சுறுத்துகிறார்களே. அவன் யாரை என்ன செய்தான்?" என்றார். அவ்வினாவுக்கு விடையிறுக்க என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அதன்பொருட்டே எழுந்தது.

ஆவி உண்டா, இல்லையா என்று வழக்காட யான் இங்கு முற்படவில்லை. எம்மூரில் மார்கழித் திருவாதிரையையொட்டி மரகத நடராசரின் சந்தனக்காப்புக் களையப்படும்போது மக்கள் திரள்திரளாக வருவர். அவர்கள் கைகூப்பி நிற்கிறார்களேயன்றி, 'யாங்கள் ஆய்வுக்கூடம் நடத்துகின்றோம்' என்று கூறுவதில்லை. எமது ஆலயத்தில் முழந்தாட்படியிடுவோரும் அங்ஙனமே. நம்பிக்கை தன் பெயரிலேயே நிற்கின்றது. இந்நிகழ்ச்சிகளோ நம்பிக்கைக்குரிய பணிவையும் மேற்கொள்வதில்லை. அறிவியலுக்குரிய உழைப்பையும் மேற்கொள்வதில்லை. அறிவியலின் சட்டையை மட்டும் இரவல் வாங்கி அணிந்துகொள்கின்றன. எனது வழக்கு இதுவே.

ஆராய்ச்சி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 27ஆம் காதையில், அளவைவாதி என்பான் உண்மையை அறியும் அளவைகள் பத்தினைக் கூறி, அளவை போலத் தோன்றி மயக்குவன எட்டினையும் எண்ணிக் காட்டுகின்றான். அவற்றுள் மூன்று ஈண்டு நினையத்தக்கவை. ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்வது திரியக்கோடல். கிளிஞ்சிலை வெள்ளி என்று கொள்வது அத்தகையது. எதிரே நிற்பது தறியோ, மனிதனோ என்று துணியமாட்டாமல் தடுமாறுவது ஐயம். வெட்டவெளியில் நிற்கும் தறியைச் சற்றும் ஆராயாமல் மனிதனே என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். ஐயத்தில் இழிவில்லை, அஃது ஆராய்ச்சியின் வாயில். அவ்வாயிலிற் கால்வைத்தவுடனே ஓடித் தெளிவது தான் பிழை. இரவிற் சென்று, இடிந்த சுவரைக் கண்டு, விடியுமுன் ஆவியென்று துணிந்து திரும்புவோர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது?

அவர்கள் ஏந்திய கருவிகளையே எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளக்கு எரிந்த சிறு பெட்டி மின்காந்தப் புலத்தை அளப்பது. வீட்டு மின்கம்பிகளைச் சோதிப்பதற்கென்று செய்யப்பட்டது. சட்டைப்பையிலுள்ள கைப்பேசியும், உடன்வந்தோர் பேசும் கம்பியில்லாக் கருவியும் அதன் விளக்கை எரியச் செய்யும். அவற்றை அணைத்துவிட்டு மீண்டும் அளந்து காட்டியவர் எவருமிலர். 'ஒளியுருண்டைகள் மிதக்கின்றன' என்று இருட்படங்களிற் காட்டுவன பெரும்பாலும் படக்கருவியின் விளக்கு, அதன் கண்ணுக்கு மிக அருகே பறக்கும் தூசியின்மேற் பட்டுத் தெறிப்பதால் உண்டாவன. இருபுறமும் கடலும் நடுவே மணலுமாகிய தனுஷ்கோடியில் தூசிக்கும் உப்புத்துளிக்கும் பஞ்சமுண்டோ? இறந்தோர் குரலைக் கேட்பிக்குமென்று சொல்லப்படும் பெட்டியோ, வானொலி நிலையங்களை விரைந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தாவிச் செல்லும் கருவியேயாம். தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்த இக்கரை மக்களுக்கு, அப்பெட்டியில் அறுந்தறுந்து வரும் தமிழ்ச்சொல் யாருடையதென்று சொல்லவும் வேண்டுமோ!

வானத்து ஒளிகளின் கதையும் இத்தகையதே. 'கடல்மீது பறக்கும் தட்டு' என்று அந்நிகழ்ச்சியின் பிற்பகுதியில் ஓர் ஒளியைக் காட்டினர். அக்கடலில் இரவெல்லாம் மீன்பிடி விசைப்படகுகளின் விளக்குகள் எரிகின்றன. உச்சிப்புளியில் 2009ஆம் ஆண்டு முதல் ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை விமானத்தளம் இயங்குகின்றது. மேலும், இருளிலே தனித்த ஒளியொன்றை நெடுநேரம் உற்றுநோக்கின், அஃது அசையாதிருப்பினும் அசைவதாகவே கண்ணுக்குத் தோன்றும். இவற்றுள் ஒன்றையேனும் அவர்கள் வினவவில்லை.

வினவுவது எங்ஙனம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, லடாக்கு எல்லையிற் காவல்புரிந்த நம் படைவீரர் வானில் ஒளிப்பொருள்களை 329 முறை கண்டு, சீனர் அனுப்பிய வேவு விமானங்களென ஐயுற்றனர். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரை அழைத்து ஆராயுமாறு வேண்டினர். அவ்வறிஞர் ஒளி தோன்றிய நேரத்தையும் இடத்தையும் கோள்களின் இயக்கத்தோடு ஒப்புநோக்கி, அவை வியாழனும் வெள்ளியுமே என்று கண்டனர். இசை முழங்கவில்லை; எவரும் அலறவில்லை. வீரர்க்கு இழிவும் நேரவில்லை. ஐயுற்றது அவர் கடமை. தேர்ந்தது அறிஞர் கடமை.

'அறிவியல் எல்லாவற்றையும் அறிந்துவிட்டதோ?' என்று நண்பர் சிலர் வினவுவர். இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வது அறிவியலேயாம். அமெரிக்க விமானப்படையினர் 1947 முதல் 1969 வரை தம்மிடம் வந்த 12,618 செய்திகளை ஆராய்ந்து, 701 செய்திகளை இன்னதென்று அறியப்படாதவை எனக் குறித்துவைத்தனர். அறியப்படாதது என்பதன் பொருள் அறியப்படாதது என்பதேயன்றி, வேற்றுலகத்தார் வந்தனர் என்பதன்று. 'யாம் அறியோம்' என்று எழுதி நிறுத்தும் துணிவு ஆராய்ச்சியாளருக்குரியது. ஒவ்வோர் இரவும் ஆவியைக் கண்டே தீரவேண்டிய நிகழ்ச்சிக்கு அத்துணிவு எங்ஙனம் வாய்க்கும்? 'இன்று சென்றோம், ஒன்றுமில்லை' என்று முடியும் நிகழ்ச்சிக்கு விளம்பரந் தருவார் யார்? தோற்பதற்கு இடமில்லாத சோதனை சோதனையாகாது.

தோற்கக்கூடிய சோதனையை வைத்தவர்களும் உண்டு. திருவல்லாவில் 1898இல் மார்த்தோமா சபைக் குருவின் மகனாகப் பிறந்து, இலங்கையில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், அற்புத ஆற்றலை ஏமாற்றுக்கு இடமின்றிச் செய்துகாட்டுவோர்க்கு ஓரிலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அதனை வென்றவர் இலர். அமெரிக்காவில் மாயவித்தைக்காரராகிய ஜேம்ஸ் ராண்டி வைத்த பரிசு 10 இலட்சம் டாலர்வரை வளர்ந்து, 2015இல் வெல்லப்படாமலே முடிவுற்றது. வித்தைக்காரனே வித்தையைக் கண்டுபிடிக்கத் தக்கவன் என்பது எத்துணைப் பொருத்தம்!

'பொழுதுபோக்குத்தானே, இத்துணைச் சினம் ஏன்?' என்பாரும் உளர். பேய்க்கதை வேண்டுமெனிற் கதையென்றே சொல்லுக. யானும் விரும்பிக் கேட்பேன். ஆனால் தனுஷ்கோடி கதையன்று. அந்தமான் கடற்பகுதியில் உருவாகி, இலங்கையைக் கடந்துவந்த புயல், ஆழங்குறைந்த கடல்நீரைத் திரட்டி ஊர்மீது ஏற்றிற்று. பாம்பனிலிருந்து சென்ற இரயில்வண்டி நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு அலையில் மூழ்கிற்று. அந்நீர் எங்ஙனம் எழுந்தது? அவ்விரவில் அவ்வண்டி ஏன் சென்றது? எச்சரிக்கை எவர் செவிக்கு எட்டிற்று, எவர் செவிக்கு எட்டவில்லை? ஆராய்ச்சி என்று ஒன்று உண்டாயின், இறந்தோர்க்கு நாம் கடமைப்பட்டது இவ்வாராய்ச்சியே. அம்மணலில் இன்றும் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. நெடுங்காலம் மின்விளக்கின்றியே வாழ்ந்தன. ஆவியின் மின்காந்தத்தை அளக்கச் சென்றோர் கண்ணுக்கு அவர்களுடைய குடிசைகள் தோன்றாமற் போனது வியப்பே! அடுத்த புயல் வரும்போது அவர்களைக் காப்பது சிவப்பு விளக்குப் பெட்டியன்று. காற்றையும் கடலையும் பொறுமையோடு அளப்போர் விடுக்கும் எச்சரிக்கையும், அதனை மெய்யென்று நம்பும் பழக்கமுமேயாம். எல்லாவற்றையும் விஞ்ஞானமென்று கூவி விற்போர் அந்நம்பிக்கையின் வேரையே அரிக்கின்றனர்.

ஆதலின், உடன்பயிலும் நண்பர்களே, அத்தகைய நிகழ்ச்சியொன்று நும் வீட்டில் ஓடுமாயின் மூன்று வினாக்களை உரக்கக் கேண்மின். இக்கருவி எதனை அளக்கின்றது? வேறு காரணங்களை இவர்கள் விலக்கினரா? ஒன்றுமில்லையெனின் அதனையும் நமக்குக் காட்டுவரா? கூடத்திலுள்ள குழந்தைகள் கேட்கட்டும், பெரியோரும் கேட்கட்டும்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் அப்பெரியவரிடம் விடைபெறச் சென்றேன். தமையனைப் பற்றிக் கேட்டேன். அவன் நன்றாக நீந்துவான் என்றும், தம்பியைத் தோளிற் சுமந்து கரையெல்லாம் ஓடுவான் என்றும் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபது ஆண்டு கழிந்த பின்னும் இதனை அவரிடம் வினவியவர் மிகச் சிலரே போலும்.