மீட்டதும் விட்டதும்

பால்டிக் கடலோரத்துச் சிறிய நாடான லாத்வியாவில் ருஷ்ய பாஷையைப் போதனா பாஷையாகக் கொண்ட பள்ளிக்கூடங்களின் காலம் முடிந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, 2023 செப்டம்பரில் முதலாம், நான்காம், ஏழாம் வகுப்புகளில் தொடங்கிய மாற்றம், 2025-இல் எல்லா வகுப்புகளையும் எட்டி, லாத்விய பாஷை ஒன்றே கல்வியின் பாஷையாக நிலைபெற்றிருக்கிறது. பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் பாஷையை ஒடுக்குகிறார்கள் என்று இதனை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடுவது எளிது. ஆனால் லாத்வியாவின் எல்லைக்குள் பெரும்பான்மையாகத் தோன்றும் லாத்வியர், எல்லைக்கு அப்பால் பார்வையைச் செலுத்தும்போதெல்லாம் தம்மைப்போல் நூறு மடங்கு ஜனத்தொகை கொண்ட அண்டை அரசொன்றின் முன் நிற்கும் சிறுபான்மையினராகவே தம்மை உணர்கிறார்கள் என்பதை மறந்து இவ்விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

அவ்வுணர்ச்சிக்குக் காரணம் உண்டு. 1918 நவம்பரில் பிரகடனம் செய்யப்பட்ட குடியரசை 1940 ஜூனில் சோவியத் சேனை விழுங்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேரையும், ஜெர்மானிய நாஜிகளின் கொடிய இடைக்கால ஆட்சி கழிந்த பின் 1949 மார்ச்சில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரையும், குழந்தைகளும் முதியவர்களுமாகச் சரக்கு ரயில்களில் ஏற்றிச் சைபீரியாவுக்கும் அதனையடுத்த பிரதேசங்களுக்கும் அனுப்பியது மாஸ்கோ. காலியான வீடுகளுக்கும், ரீகாவின் வெஃப் மின்கருவித் தொழிற்சாலை போன்ற பெரிய ஆலைகளுக்கும், ராணுவக் குடியிருப்புகளுக்கும் சோவியத் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். 1935-இல் மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேலாயிருந்த லாத்வியர், 1989-இல் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு பேராகக் குறைந்திருந்தனர். அக்கணக்கெடுப்பின்போது லாத்வியரில் பெரும்பாலோர் ருஷ்யம் அறிந்திருக்க, ருஷ்யரில் லாத்வியம் அறிந்தவர் ஐந்தில் ஒருவர் அளவே. தன் சொந்தத் தலைநகரத்தின் கடைத்தெருவில் தன் பாஷையில் ஒரு பொருளைக் கேட்டு வாங்க இயலாத நிலையில் வாழ்ந்த ஒரு தலைமுறையிடம் பாஷா விசாலத்தைப் பற்றி உபதேசிப்பவர் சற்று அடக்கத்துடன் பேசவேண்டும்.

ஆயினும் ருஷ்யர் என்ற ஒற்றைப் பெயருக்குள் பலதரப்பட்ட மனிதர்கள் அடங்கியிருக்கிறார்கள். ருஷ்யத் திருச்சபையின் சீர்திருத்தங்களை ஏற்க மறுத்து, ஜாரின் தண்டனைக்குத் தப்பி வந்த 'பழைய விசுவாசிகள்' பதினேழாம் நூற்றாண்டிலேயே கிழக்குப் பிராந்தியமான லாட்காலேயில் குடியேறியவர்கள். அவர்களின் சந்ததியார் 1940-க்கு முந்திய குடியரசின் பிரஜைகளாக இருந்தமையால் 1991-க்குப் பின்னும் கேள்வியின்றிப் பிரஜைகளாயினர். ஆலைத் தொழிலாளியாக வந்தவர் உண்டு. பணி ஓய்வுபெற்றுத் தங்கிவிட்ட ராணுவ அதிகாரி உண்டு. வேறு ஊரையே அறியாமல் ரீகாவில் பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் உண்டு. ருஷ்யம் பேசுவோரில் உக்ரேனியரும் பெலாருஷியரும் யூதரும் கலந்திருக்கின்றனர். இன்று புதின் அரசை எதிர்த்து நாடு நீங்கிய ருஷ்யப் பத்திரிகையாளர்கள் 'மெதூசா' என்னும் செய்தித்தளத்தை 2014 முதல் ரீகாவிலிருந்துதான் நடத்தி வருகிறார்கள்.

1991-இல் சுதந்திரம் திரும்பியபோது, லாத்வியா ஒரு புதிய நாடாகத் தன்னைக் கருதவில்லை. ஆக்கிரமிப்பினால் செயலிழந்திருந்த பழைய குடியரசே மீண்டும் எழுந்தது என்பது அதன் சட்டக் கொள்கை. ஆகவே, 1940 ஜூன் 17 அன்று பிரஜைகளாயிருந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே பிரஜைகள் என்று அவ்வாண்டு அக்டோபரில் தீர்மானமாயிற்று. இதில் ஒரு தர்க்க ஒழுங்கு இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் அத்தர்க்கத்தின் விளைவாக, ஏறத்தாழ ஏழு லட்சம் பேர், அதாவது ஜனங்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல், எந்நாட்டுக்கும் பிரஜைகளல்லாதவராய் விடப்பட்டனர். இவர்களும் பங்குகொண்ட வாக்கெடுப்பு ஒன்று அதே ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி நடந்திருந்தது. லாத்வியர் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவிலேயே இருந்த நாட்டில், வாக்களித்தவருள் நூற்றுக்கு எழுபத்துமூன்று பேருக்கு மேல் சுதந்திரத்தை ஆதரித்தார்கள் என்றால், ருஷ்யம் பேசுவோரில் கணிசமானவர்களும் ஆதரித்திருக்கவேண்டும் என்பது சாதாரணக் கணக்கு. ஜனவரியில் சோவியத் படைகளைத் தடுக்க ரீகாவின் வீதிகளில் தடையரண்கள் எழுந்தபோது அங்கு நின்றவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். எதிரணியில் சோவியத் ஒன்றியத்தைக் காக்க முயன்றவர்களும் இருந்தார்கள் என்பது உண்மையே. சட்டம் இவ்விரு சாராரையும் பிரித்தறிய முயலவில்லை; ஒருவன் எதற்காக நின்றான் என்று கேளாமல், அவன் பாட்டன் எங்கே வாழ்ந்தான் என்று மட்டும் கேட்டது.

மிகயில் பாரிஷ்னிகாவ் என்னும் உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1948-இல் ரீகாவில், சோவியத் ராணுவ அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 2017-இல் லாத்வியப் பாராளுமன்றம் அவருக்குச் சிறப்பாகப் பிரஜாவுரிமை வழங்கிக் கௌரவித்தது. அது நற்செயல்தான். ஆனால் அவரைப்போலவே அந்நகரில் பிறந்து, அவரைப்போல் புகழ் தேடிப் போகாமல், அங்கேயே டிராம் ஓட்டியும் நோயாளிகளைப் பராமரித்தும் வாழ்ந்தவர்கள், பாஷைப் பரீட்சையும் சரித்திரப் பரீட்சையும் எழுதித் தேறினால் மட்டுமே அவ்வுரிமையைப் பெறலாம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வயதுவாரியாக வரிசை வகுத்து அவர்களை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தது; அவ்வரிசை முறையை 1998-இல் பாராளுமன்றம் நீக்க, மக்களும் வாக்கெடுப்பின் மூலம் அதனை உறுதிசெய்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் பிறக்கும்போதே தாமாகவே பிரஜைகளாவது 2020-இல்தான் கைகூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற நாட்டவர் ரீகாவில் குடியிருந்தால் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். ரீகாவிலேயே பிறந்த பிரஜையல்லாதவருக்கு அவ்வுரிமையும் இல்லை. இந்த இடைவெளியைக் கண்டுகொண்ட மாஸ்கோ, 2008-இல் இவர்கள் விசா இன்றித் தன் நாட்டுக்கு வந்துபோக அனுமதித்தது. பலர் முன்கூட்டியே கிடைக்கும் ஓய்வூதியத்தைக் கருதி ருஷ்யப் பிரஜாவுரிமையையே பெற்றுக்கொண்டார்கள். அப்படிப் பெற்றவர்கள், எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் நீங்கலாக, லாத்விய பாஷைப் பரீட்சையில் தேறவேண்டும், அல்லாவிடில் குடியிருப்பு அனுமதியை இழக்கக்கூடும் என்ற நிபந்தனை 2022-இல் வந்தது.

லாத்வியர் தரப்பின் அச்சத்தை மாஸ்கோவே நாள்தோறும் வளர்த்தது. 2014-இல் கிரைமியாவைப் பறித்தபோதும் 2022-இல் உக்ரேன் மீது முழுப் போர் தொடுத்தபோதும், ருஷ்யம் பேசுவோரைக் காக்கிறோம் என்பதே அதன் முகாந்திரம். இதற்கிடையே, கிரைமியாவுக்கும் முன்னரே, 2012-இல் ருஷ்யத்தை இரண்டாவது அரச பாஷையாக்கக் கோரிய வாக்கெடுப்பு நான்கில் மூன்று பங்கினரால் நிராகரிக்கப்பட்டது. ருஷ்யம் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் தௌகவ்பில்ஸ் நகரமோ அதனைப் பெருவாரியாக ஆதரித்தது. 2022 ஆகஸ்டில், ஆண்டுதோறும் மே 9-இல் ஆயிரக்கணக்கானோர் மலர் சார்த்திய ரீகாவின் எழுபத்தொன்பது மீட்டர் உயர வெற்றி ஸ்தூபி இடித்துத் தள்ளப்பட்டது. ஒரு சாராருக்கு அது நாஜிகளை வென்ற தந்தையின் நினைவு. மறு சாராருக்கு அது வென்றவன் வீடு திரும்பாமல் தங்கிவிட்டதன் சின்னம். இரண்டும் உண்மையே.

இங்கேதான், மீட்கப்பட்டதாகச் சொல்லப்படும் அப்பழைய குடியரசு தன் முதல் ஆண்டுகளில் எவ்வாறு நடந்துகொண்டது என்று நாம் நினைத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. 1919-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உயிரே ஊசலாடிக்கொண்டிருந்தது. பெர்மோன்ட் என்ற சேனாபதியின் ருஷ்ய ஜெர்மானியப் படை ரீகாவில் தௌகவா நதியின் மேற்குக் கரைவரை வந்து, நவம்பர் 11-ஆம் தேதிதான் துரத்தப்பட்டது. லாட்காலே இன்னும் செம்படையின் கையில் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 8 அன்று, மக்கள் சபை சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய சட்டத்தை நிறைவேற்றியது. ஜெர்மானியர், ருஷ்யர், யூதர் முதலிய ஒவ்வொரு சமூகமும் தன் பாஷையில் பள்ளி நடத்தவும், கல்வி இலாகாவில் தன் இனத்தவர் ஒருவரின் பொறுப்பில் தனிப் பிரிவு பெறவும் அச்சட்டம் வகைசெய்தது. அன்றைய சிறுபான்மையினர் தொகையில் சிறியவர்கள், அஞ்சத்தக்கவரல்லர் என்று பதில் சொல்லப்படலாம். ஆனால் பால்டிக் ஜெர்மானியர் எழுநூறு ஆண்டுகள் அந்நிலத்தின் எஜமானர்கள். அவ்வாண்டு ஏப்ரலில்தான் அவர்களுடைய ஆட்கள் லாத்விய அரசாங்கத்தையே கவிழ்த்திருந்தார்கள். குடியரசு அடுத்த ஆண்டு நிலச்சீர்திருத்தத்தால் அப்பிரபுக்களின் பண்ணைகளைப் பறித்துக்கொண்டது. அவர்களுடைய குழந்தைகளின் பள்ளிக்கூடத்தையோ விட்டுவைத்தது. அதிகாரம் வேறு, மனிதர் வேறு என்ற பேதம் அந்த ஏழை அரசுக்குப் புலப்பட்டிருந்தது.

அச்சூழலில் செயலாற்றியவர்தான் பால் ஷீமன் என்னும் பால்டிக் ஜெர்மானியப் பத்திரிகாசிரியர். அரசு அங்கு வாழும் அனைவருக்கும் பொது, இனமும் பாஷையும் மதத்தைப்போல் அவ்வச் சமூகத்தின் பொறுப்பு என்று வாதித்த அவர், போல்ஷ்விக்கரையும் நாஜிகளையும் ஒருசேர எதிர்த்து, நாஜி ஆக்கிரமிப்பின்போது ஒரு யூதப் பெண்ணைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்தார். 1934 மே மாதத்தில் பிரதம மந்திரி கார்லிஸ் உல்மானிஸ் பாராளுமன்றத்தைக் கலைத்துச் சர்வாதிகாரம் ஏற்றபோது, லாத்வியா லாத்வியருக்கே என்ற கோஷத்தின் கீழ் அப்பள்ளிச் சுயாட்சியும் மறைந்தது.

1991-இல் மீண்டு வந்த அரசு, பழைய குடியரசின் பிரஜைகள் பட்டியலை மீட்டது. 1922-ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்தை மீட்டது. 1919 டிசம்பரின் துணிவை மட்டும் மீட்காமல் விட்டது. தொடர்ச்சி என்ற கொள்கையை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதனை முழுமையாகக் கடைப்பிடியுங்கள் என்றே வேண்டுகிறோம். லாத்வியம் ஒன்றே அரச பாஷை, ஒவ்வொரு குழந்தையும் அதனைத் திறம்படக் கற்கவேண்டும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. உலகில் வேறு நிலமில்லாத பாஷைக்கு அது கிடைத்தே தீரவேண்டிய பாதுகாப்பு. ஆனால் அதற்காக ருஷ்யக் குழந்தையின் பாஷையை அவன் பள்ளிக்கூடத்திலிருந்து அகற்றவேண்டியதில்லை; பிறந்த நகரத்தின் சபைக்கு வாக்களிக்கும் உரிமையை வயோதிகரிடம் மறுக்கவேண்டியதுமில்லை. தன் வீட்டில் தனக்கு இடமில்லை என்று நம்பவைக்கப்பட்டவனே மாஸ்கோவின் தொலைக்காட்சிக்குச் செவி சாய்ப்பான். பிரஜையல்லாதோரில் எஞ்சியிருப்பவர்களில் மிகப் பலர் முதியவர்கள். இன்னும் சில பத்தாண்டுகளில் அவர்களுடைய மரணமே இப்பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று லாத்வியாவின் ராஜதந்திரிகள் காத்திருப்பார்களாயின், அத்தீர்வில் அவர்கள் பங்கு ஏதுமிராது. அம்முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவ்வாக்குரிமையை வழங்குவதே, 1919-இல் போர்முனையில் நின்றுகொண்டு பள்ளிச் சட்டம் இயற்றிய அம்முன்னோர்களின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்வதற்கு அந்த ராஜதந்திரிகளுக்கு எஞ்சியுள்ள தகுதி.