கிருமி அடங்கினால் மட்டும் போதுமா?

“ரத்தத்தில் கிருமி தென்படவில்லை” என்று மருத்துவர் சொல்லும் நாள், எச்ஐவியுடன் வாழ்பவருக்கு மறுபிறவி எடுத்த நாள். அந்நிலையைத் தொடர்ந்து காத்துவருபவரிடமிருந்து பாலுறவு வழியாகக் கிருமி பிறருக்குப் பரவாது. மகிழ்ச்சிதான். ஆனால், பலர் அத்துடன் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடுகின்றனர். அங்குதான் சிக்கல்.

பேங்காக்கில், தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே சிகிச்சை தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். கிருமி அடங்கியது. ஆயினும், உடலில் அழற்சியைக் காட்டும் சில குறியீடுகள் தொற்று இல்லாதவர்களின் அளவுக்கு முழுமையாக இறங்கவில்லை.

ஏன்? தொற்றிய முதல் வாரங்களிலேயே குடல் சுவரிலுள்ள நோயெதிர்ப்பு அணுக்களை எச்ஐவி பெருமளவில் அழித்துவிடுகிறது. வலுவிழந்த குடல் சுவர் வழியாக பாக்டீரியாக்களின் கழிவுகள் ரத்தத்தில் கசிகின்றன. மருந்துக்கு எட்டாமல் சில அணுக்களில் கிருமியும் ஒளிந்துகொள்கிறது. எதிரி ஓய்ந்த பிறகும் காவல்படை துப்பாக்கியைக் கீழே வைக்காத நிலை இது. இப்படி ஆண்டுக்கணக்கில் நீளும் அழற்சி, ரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது.

அப்படியானால் விரைந்து சிகிச்சை பெறுவதில் பயனில்லையா? நிச்சயம் உண்டு. கடும் நோய், மரண அபாயத்தை உடனடிச் சிகிச்சை பாதிக்கும் மேல் குறைப்பதை 2015ல் வெளியான ‘ஸ்டார்ட்’ ஆய்வு காட்டியது. தாமதித்தால் அழற்சி இன்னும் மோசமாகும்.

நான் சொல்ல வருவது, அதோடு நின்றுவிடாதீர்கள் என்பதே. 2023ல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 7,769 பேர் பங்கேற்றனர். மாரடைப்பு அபாயம் அதிகமில்லை எனக் கருதப்பட்ட அவர்களில், பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தை உட்கொண்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 விழுக்காடு குறைந்தன. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. புகைபிடிப்பதை விடுவதும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் அதே அளவு முக்கியம்.

இதற்குப் பெருந்தடை நம் சமூகத்தின் வாய்தான். ஊர் என்ன பேசுமோ என்ற அச்சத்தில், இதய மருத்துவரிடம்கூட எச்ஐவி பற்றிச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. சில எச்ஐவி மருந்துகளுடன் சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மருந்தைச் சேர்த்து உட்கொண்டால் தசைகள் சிதைந்து, சிறுநீரகமே செயலிழக்கக்கூடும். அங்கு மௌனம் உயிரைக் குடிக்கும்.

ஆகவே வாசகர்களே, நீங்கள் எச்ஐவியுடன் வாழ்பவராக இருந்தால் உங்கள் மருத்துவர்கள் அனைவரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். இல்லையென்றால், அப்படிச் சொல்ல ஒருவர் அஞ்சுவதற்கு நீங்கள் காரணமாகிவிடாதீர்கள்.